நன்கொடையாக வந்த 18 கணினிகள்: உயர்நிலைப் பள்ளியில் ஆய்வகம் அமைக்க ஆலோசனை வேண்டும்

#1 கணக்கு டீச்சர் (மயிலாடுதுறை மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். அலுவலகக் கணினி ஒன்றைத் தவிர எங்கள் பள்ளியில் இதுவரை வேறு கணினி இல்லை. முன்னாள் மாணவர் ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பழைய கணினிகளை மாற்றியபோது, 18 மேசைக் கணினிகளைத் திரையோடு எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாடல். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்தால் திறந்து நிற்பதற்குள் பாதிப் பாடவேளை போய்விடும் போலிருக்கிறது.

கைத்தொழில் வகுப்பு நடந்த பழைய அறை காலியாக இருக்கிறது. 24 அடிக்கு 20 அடி. மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல், மொத்தமே இரண்டு பிளக் பாயிண்ட். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். கணினிக்கென்று தனி ஆசிரியர் கிடையாது; நானும் அறிவியல் ஆசிரியரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னாள் மாணவர் சங்கம் ஒரு லட்சம் ரூபாய் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

ஏ.சி., கண்ணாடித் தடுப்பு, பெயர்ப்பலகை, அப்புறம் திறப்பு விழா என்று பள்ளியில் ஒரு திட்டம் பேசப்படுகிறது. எனக்கு அந்த வரிசை சரியாகப் படவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது விசைப்பலகையில் கை வைக்க வேண்டும். அதுதான் என் ஆசை. அதற்குப் பணத்தை எதில் முதலில் போட வேண்டும்? விண்டோஸா லினக்ஸா? பிள்ளைகள் செய்ததை எங்கே சேமித்து வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வயர்மேன் (விருதுநகர்)

டீச்சர், மென்பொருளைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு பிளக் பாயிண்டைப் பற்றி நான் சொல்கிறேன். அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து 18 கணினியை ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கணினியும் திரையும் சேர்த்து ஒரு செட்டுக்கு 100 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 18 செட்டுக்கு 1,800 வாட், அதாவது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர். கேட்கச் சிறியதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் ஆன் செய்தால், கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருக்கும் கெபாசிட்டர்கள் நிரம்புகிற அந்த ஒரு கணத்தில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆகவே மெயின் போர்டிலிருந்து ஆய்வகத்துக்கென்று தனி லைன் எடுங்கள். அறைக்குள்ளேயே ஒரு டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வைத்து, ஆறு கணினிக்கு ஒரு சர்க்யூட் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும், அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் அணையும் எம்.சி.பி.யும், மின்கசிவு வந்தால் அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் தனித்தனியே வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆர்.சி.சி.பி. போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தும் சிறு கசிவு, மண்ணில் இறங்கும் எர்த் கம்பிக்குப் போய்க்கொண்டே இருக்கும். பதினெட்டும் ஒன்றில் சேர்ந்தால் பழுது எதுவும் இல்லாமலே விழுந்துகொண்டிருக்கும். அந்தத் தொல்லை பொறுக்காமல் யாராவது அதைக் கழற்றி வீசிவிட்டு நேரடியாக இணைத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து.

அடுத்தது எர்த். கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது நம் பள்ளிகளில் வழக்கம். பிள்ளைகள் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கேபினெட்டைத் தொடுவார்கள். எர்த் சரியாக இல்லாத இடத்தில், பழுதே இல்லாத கணினியின் கேபினெட்டில்கூட மல்டிமீட்டர் வைத்தால் 110 வோல்ட் அளவில் காட்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர் வழியாக வருவது அது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலில் சுருக்கென்று ஊசி குத்துவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே நிஜமாகவே ஒரு வயர் அறுந்து கேபினெட்டில் பட்டால், அதே பிள்ளையின் உடல்தான் எர்த் ஆகும். நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் "அந்தக் கணினி லேசாக ஷாக் அடிக்கும் சார்" என்று பிள்ளைகள் பழகிப்போய்ச் சொல்வார்கள். அதைக் கேட்டு எந்தப் பெரியவரும் சும்மா இருக்கக் கூடாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறதோ, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறத்தாழ அவ்வளவு காட்ட வேண்டும். 150, 90 என்று ஆடினால் எர்த் இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. இது சரியாகிற வரைக்கும் கணினிகளைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம்.

#3 பழுதுநீக்குபவர் (கோவை)

வயர்மேன் சொன்னதுதான் முதல் செலவு. ஏ.சி.யைப் பற்றி: இந்தக் கணினிகளுக்கு ஏ.சி. தேவையே இல்லை. நாம் வியர்க்காமல் உட்காரும் வெப்பநிலையில் அவையும் நன்றாக ஓடும். மின்விசிறியும், எதிரெதிர்ச் சுவரில் காற்றோட்டமும், ஜன்னலுக்குக் கொசுவலையும் போதும். கொசுவலை கொசுவுக்காக மட்டும் இல்லை; பல்லியும் எலியும் வராமல் இருக்கவும்தான். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே பல்லி போய் வெடித்ததை நான் எத்தனையோ முறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

18 கணினியையும் மேசையில் வைக்காதீர்கள். 15 ஓடட்டும், மூன்றை உதிரிக்கு ஒதுக்குங்கள். எல்லாம் ஒரே மாடல் என்பது பெரிய வாய்ப்பு. எஸ்.எம்.பி.எஸ்., ரேம், விசிறி எது போனாலும் உதிரியிலிருந்து கழற்றிப் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். கடைக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி ஆய்வகங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. ஒன்று பழுதாகும், "பிறகு பார்க்கலாம்" என்று ஓரத்தில் வைப்பார்கள், அடுத்தது பழுதாகும், ஒரு வருடத்தில் பாதி அறை திரையே எரியாமல் இருக்கும்.

வேகத்துக்கு ஒரே மருந்து எஸ்.எஸ்.டி., அதாவது சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்த கணினி அரை நிமிடத்துக்குள் திறக்கும். அடுத்து, 4 ஜிபி ரேமை 8 ஆக்குங்கள். இந்த மாடலுக்கு டி.டி.ஆர்.3 ரேம், பழைய பொருள் விற்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகளில் அந்த நிறுவனத்தின் தகவல்கள் இருக்கலாம். முழுவதுமாக அழிக்காமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

இன்னொரு சின்ன விஷயம். மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர்.2032. பழைய கணினிகளில் அது தீர்ந்திருக்கும். தீர்ந்தால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்புறம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று மறுக்கும். நெட் வேலை செய்யவில்லை என்று எனக்கு வரும் பள்ளி அழைப்புகளில் பல, திரையின் ஓரத்தில் தெரியும் தேதியைப் பார்க்கச் சொன்னதும் தீர்ந்துவிடும். பதினெட்டுக்கும் இப்போதே புதிது மாற்றிவிடுங்கள்.

#4 கட்டற்றவன் (திருச்சி)

டீச்சர், விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். உங்களிடம் இருப்பது நான்காம் தலைமுறை. பாதுகாப்புத் திருத்தம் வராத அமைப்பை 40 பிள்ளைகள் பென் டிரைவ் செருகும் இடத்தில் வைக்கக் கூடாது. உரிமம் இல்லாத நகலைப் போட்டுக்கொடுக்கிறேன் என்று யாராவது வருவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கண் முன்னால் திருட்டு நகல் ஓடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

லினக்ஸ் போடுங்கள். எக்ஸ்.எஃப்.சி.இ. முகப்பு உள்ள உபுண்டு வகை அல்லது லினக்ஸ் மின்ட் இந்தக் கணினிக்கு லேசாக இருக்கும். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ், கட்டங்களை இணைத்து நிரல் எழுத ஸ்கிராட்ச், கணித வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு டக்ஸ் பெயிண்ட், ஜிகாம்ப்ரி எல்லாம் இலவசம். நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் சொல்கிறேன், ஒரு வட்டத்தின் ஆரத்தை இழுத்துக்கொண்டே போகும்போது சுற்றளவும் விட்டமும் மாறுவதையும், அவற்றின் விகிதம் மட்டும் அசையாமல் நிற்பதையும் ஜியோஜீப்ராவில் பிள்ளை தானே கண்டால், அந்தப் பாடத்தை நீங்கள் மறுபடி நடத்த வேண்டியதில்லை.

அமைப்பைப் பொறுத்தவரை எல்.டி.எஸ்.பி.யைப் பரிசீலியுங்கள். 1999இலிருந்து வரும் திட்டம் அது. 2019இல் கிரேக்க நாட்டுப் பள்ளிகளோடு பணியாற்றும் நிரலாளர் அதைப் புதிதாக எழுதினார். ஒரே ஒரு சர்வரில் மென்பொருளை நிறுவினால் போதும். மற்றக் கணினிகள் நெட்வொர்க் வழியாக அதைப் பெற்றுத் திறக்கும். அவற்றுக்கு ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை, எஸ்.எஸ்.டி. செலவும் மிச்சம். பராமரிக்க வேண்டியது ஒரே இயந்திரம்.

#5 மேல்நிலை கணினி ஆசிரியர் (தருமபுரி)

இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

எல்.டி.எஸ்.பி. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் சர்வரோ நெட்வொர்க் சுவிட்சோ படுத்தால் 15 கணினியும் சேர்ந்து படுக்கும். கணினி ஆசிரியரே இல்லாத பள்ளியில், காலை முதல் பாடவேளையில் பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்கும்போது அது நடந்தால் யார் சரிசெய்வது? தனித்தனியாக நிறுவினால் ஒன்று போனாலும் பதினான்கு ஓடும். ஒரே மாடல் என்பதால் ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, குளோன்ஜில்லா கொண்டு படியெடுத்து மற்றவற்றில் இறக்கிவிடலாம். அந்தப் படியை ஒரு வெளி டிஸ்க்கில் பத்திரமாக வைத்தால், எந்தக் கணினி கெட்டாலும் ஒரு பாடவேளைக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

இரண்டாவது, விண்டோஸை அறவே ஒதுக்க வேண்டாம். மேல்நிலையில் நான் நடத்தும் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் இருக்கிறது. அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகும் ஜெராக்ஸ் கடையிலும் கணக்கர் அலுவலகத்திலும் விண்டோஸ்தான் இருக்கும். அதன் முகத்தையே பார்க்காமல் போகக் கூடாது.

ஆனால் உங்களுடையது பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. இப்போதைய பாடநூலில் எட்டாம் வகுப்பு அறிவியலில் லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் பாடமாகவே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் காட்சித் தொடர்பு என்ற பாடத்தில் ஸ்கிராட்ச் வருகிறது. கணினியே இல்லாமல் அந்தப் பக்கங்களை மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள் பிள்ளைகள். நீங்கள் அறை திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்த இரண்டு பாடங்களையும் அங்கே நடத்துவதுதான். இரண்டுமே லினக்ஸில் ஓடும் என்பதால் உங்கள் தேவைக்கு லினக்ஸ் போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

#6 தமிழ்வழி ஆசிரியர் (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியில் இருக்கிறேன். எங்கள் மாநில அனுபவம் உங்களுக்கு உதவலாம்.

கேரளத்தில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில வருடங்களில் பள்ளிகள் முழுக்க, லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அதே திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக ஆனது. பள்ளிகளுக்கென்றே தயாரித்த ஒரே லினக்ஸ் பதிப்பு எல்லா ஆய்வகங்களிலும் ஓடுகிறது. தகவல் தொழில்நுட்பப் பாடநூல் எங்களுக்குத் தமிழிலும் வருகிறது. ஆசிரியர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறிப் போனாலும் அதே திரை, அதே மென்பொருள். பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வைப் பிள்ளைகள் கணினியில்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் மென்பொருளைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு பாட ஆசிரியரைத்தான் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். கணக்கு, இயற்பியல், மலையாளம், இந்தி என்று எந்தப் பாடம் நடத்துபவராகவும் இருக்கலாம். அவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். கணினிப் பட்டம் இல்லாத உங்களால் நடத்த முடியுமா என்று தயங்க வேண்டாம் டீச்சர். எங்கள் ஆய்வகங்களை இத்தனை வருடமாக ஓட்டுவது உங்களைப் போன்றவர்கள்தான்.

2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றம் வந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். கேபிள் செருகுவது, புரொஜெக்டர் இணைப்பது, சின்னப் பழுது பார்ப்பது, பெற்றோருக்குச் சொல்லித்தருவது எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் வகுப்புக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவர்களாகப் பார்த்து எடுக்காதீர்கள். வீட்டில் மின்விசிறியைக் கழற்றி மாட்டுகிற பிள்ளையைக் கண்டுபிடியுங்கள்.

#7 கணக்கு டீச்சர் (மயிலாடுதுறை மாவட்டம்)

எல்லோருக்கும் மிக்க நன்றி. உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் 140, 120 என்று நிற்காமல் ஆடுகிறது. வெளியே போய்ப் பார்த்தால் எர்த் குழி இருக்கும் இடத்தில் மண் மூடிச் செடி வளர்ந்திருக்கிறது. கம்பி துருப்பிடித்துத் தனியாகக் கையோடு வருகிறது. இந்தக் கட்டடத்தில்தான் குடிநீர் மோட்டாரும் ஓடுகிறது. தலைமையாசிரியரை அழைத்து வந்து காட்டினேன். புதுக் குழி வெட்ட உடனே ஒப்புக்கொண்டார். ஏ.சி. பேச்சு நின்றுவிட்டது.

செருப்பு வழக்கத்தை மாற்ற வேண்டுமா? யு.பி.எஸ். எப்படி வாங்குவது? கணினிக்கு ஒன்று என்று சின்னதாக 15 வாங்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

#8 வயர்மேன் (விருதுநகர்)

அந்தக் கம்பி கையோடு வந்தது மோட்டார் ஓடுகிற கட்டடத்தில் என்பதைப் படித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. நல்லவேளை, பார்த்தீர்கள். புதுக் குழி வெட்டும்போது கட்டடத்துக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என இரண்டு வெட்டி, இரண்டையும் நல்ல கம்பியால் இணைத்துவிடச் சொல்லுங்கள். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும்.

செருப்பைக் கழற்றட்டும், தூசி குறையும். ஆனால் மேசைக்கு முன்னால் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். மின் அறைகளில் போடும் காப்பு விரிப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கால்மிதி போதாது.

சின்ன யு.பி.எஸ். 15 வேண்டாம். ஒவ்வொன்றிலும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இருக்கும், இரண்டு, மூன்று வருடத்தில் எல்லாம் வரிசையாக உயிரை விடும். மாற்ற யாரும் பணம் தரமாட்டார்கள். அதற்குப் பிறகு அது வெறும் பிளக் பாயிண்ட். எல்லாவற்றுக்கும் பொதுவாக 3 கே.வி.ஏ. திறனுள்ள, 'ஆன்லைன்' வகை யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். 15 செட்டுக்கு 1,500 வாட் போக இடமிருக்கும். பேட்டரிகளைக் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைபடாமல், இரும்பு ரேக்கில் வையுங்கள். மின்விசிறியும் லேசர் பிரிண்டரும் யு.பி.எஸ். லைனில் வரக் கூடாது. லேசர் பிரிண்டர் சூடேறும்போது ஒரு நொடியில் பல நூறு வாட் இழுக்கும். மொத்த அறையும் அணைந்துவிடும்.

#9 பாடசாலை ஆசிரியர் (யாழ்ப்பாணம்)

வணக்கம். 2022இல் இலங்கையில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது, கணனி அறையை இணையத்தை மட்டும் நம்பி நடத்தக் கூடாது என்பது. ஒரு கணனியில் கிவிக்ஸ் நிறுவித் தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாக இறக்கி வையுங்கள். கொலிப்ரி என்ற மென்பொருளும் அதேபோல இணையம் இல்லாமல் பாடங்களை உள்வலையமைப்பில் தரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு கணனிக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள் என்றால், சுட்டி யார் கையில் இருக்கிறது என்று கவனியுங்கள். கலவன் பாடசாலையில் பெரும்பாலும் பையன் கையில் இருக்கும், பெண்பிள்ளை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், அப்படியே அமைந்துவிடும். வருட முடிவில் பார்த்தால் அவள் கணனியைப் பற்றி எல்லாம் எழுதுவாள், ஆனால் ஒரு கோப்பைத் திறந்து சேமிக்கத் தடுமாறுவாள். பாடவேளையின் நடுவில் மணி அடித்து இடம் மாற்றுங்கள். இதைப் பாடசாலை அதிபரிடம் சொல்லி விதியாகவே எழுதி ஒட்டினோம்.

தமிழ்த் தட்டச்சை ஆரம்பத்திலேயே முறையாகப் பழக்குங்கள். எங்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை, உங்களுக்கு 1999 மாநாட்டில் வந்த தமிழ்99. லினக்ஸில் இரண்டுமே இருக்கின்றன.

#10 கணக்கு டீச்சர் (மயிலாடுதுறை மாவட்டம்)

சுட்டியைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எங்கள் அறிவியல் ஆய்வகம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதேதான் நடக்கிறது. மணி அடிப்பதைக் கண்டிப்பாகச் செய்கிறோம்.

15 கணினிக்கு 40 பேர் என்றால் பத்துக் கணினியில் மூன்று பேர் உட்கார வேண்டிவரும். இது சரிப்படுமா? மேசைகளை எப்படிப் போடுவது? கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் கேபிள் வேலையை நாங்களே செய்யலாமா?

#11 மேல்நிலை கணினி ஆசிரியர் (தருமபுரி)

மூன்று பேர் வேண்டாம். மூன்றாவது பிள்ளைக்கு அங்கே வேலையே இருக்காது. 40 பேரை இரண்டாகப் பிரியுங்கள். 20 பேர் ஆய்வகத்தில், மீதி 20 பேர் பக்கத்து வகுப்பில் அதே பாடத்தின் காகித வேலையில்: ஸ்கிராட்சில் செய்யப்போகும் கதையைக் கட்டம் கட்டமாக வரைவது, கால்க்கில் போடப்போகும் அட்டவணையை நோட்டில் தயாரிப்பது. நீங்களும் அறிவியல் ஆசிரியரும் ஆளுக்கொரு பக்கம். அடுத்த பாடவேளையில் மாற்றுங்கள். இதற்குக் கால அட்டவணையில் இரண்டு பாடவேளை சேர்ந்தாற்போல் வேண்டும். விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்குங்கள்.

மேசைகளைச் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் போடுங்கள், திரை அறையின் உள்பக்கம் பார்க்க. நடுவில் நின்றால் எல்லாத் திரையும் ஒரே பார்வையில் தெரியும். வயர் எல்லாம் சுவர்ப் பக்கம் போகும், யார் காலிலும் சிக்காது. ஜன்னல் மேற்கே என்கிறீர்கள். மாலை வெயில் விழும் எதிர்ச்சுவர்த் திரைகளுக்காக ஜன்னலில் திரைச்சீலை போடுங்கள். நடுவில் வெறும் மேசை ஒன்றும் இருக்கட்டும், காகித வேலைக்கும் கணினியைப் பிரித்துப் பார்க்கவும்.

#12 பழுதுநீக்குபவர் (கோவை)

கேபிள் வேலையை நீங்களே செய்யலாம், பிள்ளைகளையும் வைத்துக்கொள்ளலாம். கேட்6 கேபிள் ஒரு சுருள், 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, முனையில் இணைப்பானை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி, ஒரு டெஸ்டர். நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. வெளியுறையை அதிகமாக உரிக்காதீர்கள்; உறையும் சேர்ந்து இணைப்பானுக்குள் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்தவுடன் வந்துவிடும்.

ஒரு குறிப்பு. கேபிள் வேலை செய்வதுபோலவே தெரியும், ஆனால் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் விளக்கு மற்றவற்றிலிருந்து வேறு நிறத்தில் இருக்கும். எட்டுக் கம்பியில் நீலமோ பழுப்போ சரியாகத் தொடாமல் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் தொட வேண்டும். நெட் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. படியெடுத்த அமைப்பை நெட்வொர்க் வழியாக 15 கணினியில் இறக்கும்போது அந்த ஒன்று எல்லாவற்றையும் தாமதமாக்கும். எலிக்குப் பயந்து கேபிளை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். மின்கம்பி போகும் குழாயில் இதைச் சேர்க்கக் கூடாது.

#13 கட்டற்றவன் (திருச்சி)

எல்.டி.எஸ்.பி.யை விட்டு 15 கணினிக்குத் தனித்தனி நிறுவல் என்றே போனாலும் எனக்கு வருத்தமில்லை. அப்படியானால் மூன்று வேலை செய்துகொள்ளுங்கள்.

ஓவர்லேரூட் என்ற பொதியை நிறுவி மாணவர் கணினிகளில் இயக்கிவிடுங்கள். பிள்ளைகள் எதை மாற்றினாலும், எதை அழித்தாலும், மறுபடி ஆன் செய்யும்போது கணினி பழையபடி வந்து நிற்கும். பயமில்லாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம். "அதைத் தொடாதே, இதை அழுத்தாதே" என்று சொல்லிச் சொல்லித்தான் பல ஆய்வகங்களில் பிள்ளைகள் கணினியைக் கண்டு ஒதுங்கிப்போகிறார்கள்.

அப்படியானால் அவர்கள் செய்ததும் அழிந்துவிடும் அல்லவா? அதற்காக ஆசிரியர் கணினியில் சாம்பா மூலம் பகிர்வுக் கோப்புறை வையுங்கள். வகுப்புக்கு ஒன்று, அதனுள் பிள்ளைக்கு ஒன்று. எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்பு கிடைக்கும், பென் டிரைவும் வேண்டாம். அந்த ஒரு கணினியை மட்டும் வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் படியெடுத்து வையுங்கள்.

எபாப்டீஸ் அல்லது வேயான் நிறுவினால் எல்லாத் திரையையும் உங்கள் திரையில் பார்க்கலாம், உங்கள் திரையை அவர்களுக்குக் காட்டலாம். வேண்டாத தளங்களைத் தடுக்க ரவுட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றும் சேவை) முகவரியை 1.1.1.3 என்று மாற்றுங்கள். வயது வந்தோர் தளங்களையும் தீங்கான தளங்களையும் அது தடுக்கும். முழுக்காப்பு அல்ல, நடுவில் நிற்கும் ஆசிரியரின் கண்ணும் வேண்டும்.

#14 மேல்நிலை கணினி ஆசிரியர் (தருமபுரி)

நிர்வாகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இருப்புப் பதிவேட்டில் 18 கணினியையும் வரிசை எண்ணோடு ஏற்றுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையும் ஏற்றுங்கள், தணிக்கையில் கேட்பார்கள். தனியாக ஒரு பழுது நோட்டு வையுங்கள்: தேதி, கணினி எண், என்ன நடந்தது, என்ன செய்தோம். எழுதுவது மாணவர் பொறுப்பு. ஒரே கணினி மூன்று முறை எஸ்.எம்.பி.எஸ். மாற்றப்பட்டிருந்தால் குறை அந்தப் பிளக் பாயிண்டில் என்று அந்த நோட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. நீங்கள் விடுப்பு எடுக்கும் நாளில் அறை பூட்டியிருந்தால், அடுத்த வாரம் வேறு காரணத்துக்காகப் பூட்டும், பிறகு அதுவே வழக்கமாகிவிடும். அலுவலகப் பதிவேற்ற வேலைகளுக்கு ஆய்வகத்தைக் கேட்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தாருங்கள். பாடவேளை பிள்ளைகளுக்கு உரியது. இதில் நான் சக ஆசிரியர்களோடு மனக்கசப்பு ஏற்பட்டாலும் பரவாயில்லை என்று நிற்பவன்.

பயன்படாமல் போன பாகங்களைக் காயலான் கடையில் போட வேண்டாம். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

#15 கணக்கு டீச்சர் (மயிலாடுதுறை மாவட்டம்)

முடிவு செய்துவிட்டோம். எர்த் குழி, தனி லைன், யு.பி.எஸ். முதல் செலவு. மீதியில் எஸ்.எஸ்.டி., கேபிள், சுவிட்ச். ரேமை அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். மேசைகளுக்குப் புதிதாகச் செலவில்லை. கைத்தொழில் வகுப்பின் பழைய தேக்கு மேசைகளே உறுதியாக இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இரண்டு பெண்பிள்ளைகள். அதில் ஒருத்தி, அப்பா சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவள். கேபிள் முனையை எல்லோரையும்விடச் சுத்தமாகக் கிரிம்ப் செய்கிறாள்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் பத்து நாள் தொடர்ந்து விடுமுறை வரும். கோடை விடுமுறையும் நீளம். அறையைப் பூட்டிவைத்தால் கணினிக்கு என்ன ஆகும்? பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவிடலாமா?

#16 பழுதுநீக்குபவர் (கோவை)

பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பழைய பருத்திப் புடவைத் துணியில் உறை தைத்துப் போடுங்கள், தூசிக்கு அது போதும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே உண்டாகும் சூடே ஈரத்தைப் போக்கிவிடும். நீண்ட நாள் மூடியிருந்த பிறகு ஆன் செய்யும்போது பீப் சத்தம் மட்டும் வந்து திரை வராவிட்டால் பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் துணியால் துடைத்து மாட்டுங்கள். அந்தச் சைக்கிள் கடைப் பிள்ளை ஒருமுறை பார்த்தால் செய்துவிடுவாள்.

#17 வயர்மேன் (விருதுநகர்)

விடுமுறைக்குப் பூட்டும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே உருவி வைக்க வேண்டும். இடி இறங்கினால் சுவிட்சின் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டி வரும். இன்டர்நெட் கேபிளையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள்; வெளியிலிருந்து செம்புக் கம்பியாக வந்தால் அந்த வழியாகவும் மின்னல் வரும். யு.பி.எஸ். பேட்டரியை மட்டும் முழுக்கச் சார்ஜ் செய்து அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை யாராவது வந்து நான்கைந்து மணி நேரம் சார்ஜில் போட வேண்டும். கோடை விடுமுறையில் யார் வருவது என்பதை இப்போதே பெயரோடு எழுதி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவர் பொறுப்பு.